சூளைப் பக்கத்துக் கன்னம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டுவது என் வேலை. எங்கள் பட்டறையில் சூளையை ஒட்டிய மூலையை நான் சண்டை போட்டுப் பிடித்து எட்டு வருஷம். அங்கே வர்ணம் சட்டென்று காயும், பத்துப் பொம்மை கூடுதலாக முடிக்கலாம். வேறு யாராவது அந்த மூலைமேல் கண் வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முகத்தில் மங்கு விழுந்ததும் அங்கே வந்த பிறகுதான். இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டு, இடது பக்கம் இன்னும் அடர்த்தி. யாரோ சொன்ன கிரீமை மெடிக்கலில் வாங்கி ஒரு வருஷம் தடவினேன். பத்து நாள் பளிச்சென்றிருந்தது. அப்புறம் தோல் எரிந்து, முன்னைவிடக் கறுத்தது. சென்னைக் கண்காட்சியில் ஜனங்கள் முன்னால் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக் காட்ட ஓனரம்மா கூப்பிட்டபோது, பல்வலி என்று பொய் சொன்னேன். போக அவ்வளவு ஆசை எனக்கு.

தோல் டாக்டரம்மா அந்தக் கிரீமைப் பார்த்ததுமே நிறுத்தச் சொன்னார்.

"வெயில்ல அலைவீங்களா?"

"காலையில வண்டியில வரதோட சரிங்க. பகல் பூரா நிழல்லதான் இருக்கேன்."

"சூடு பட்டாலும் மங்கு கறுக்கும்" என்றார். சன்ஸ்கிரீனும் இரவில் போட ஒரு மருந்தும் எழுதினார். முழுசாகப் போகும் என்று வாக்குத் தரவில்லை. மாதக்கணக்கில் பொறுமை வேண்டுமாம்.

மறுநாள் மூலையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்தேன். இடது கன்னம் சுட்டது. வலது கன்னத்தைத் தொட்டேன், சூடே இல்லை. மறுபடி இடதைத் தொட்டேன். சூளை என் இடது பக்கம்! எழுந்து நின்று சிரித்தேன்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எட்டு வருஷமா மூஞ்ச வாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்டி."

அன்றே இடம் மாறினேன். காலி மூலையைப் பிடிக்க அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் விடுவேனா? ஆள் உட்காராமல் பொம்மை மட்டும் காய அங்கே ஒரு பலகை போட வைத்தேன். இத்தனை நாள் இது ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஞாயிறுதோறும் வீட்டில் ஒரே சுவரோரம் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்தேன். முதல் மாதம் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் படங்களை அடுத்தடுத்துத் தள்ளிப் பார்த்தேன். குளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரை, கதவைத் தட்டி வெளியே வரவழைத்தேன்.

"பாருங்க, வெளுத்திருக்குது."

சோப்பு நுரையோடு பார்த்தார். "ஆமா, கொறஞ்சிருக்குது" என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த கண்காட்சிக்குப் போனேன். மங்கு மிச்சம் இருந்தது, பவுடர் போட்டு மறைக்கவில்லை. எங்கள் கடையில் பீங்கான் விளக்கு பார்க்க வந்த ஓர் அம்மா என் கன்னத்தையே பார்த்தார். நான் தூரிகையை வர்ணத்தில் தோய்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் பவுடருக்கு அடியிலும் அதே திட்டு.

"இதுக்கு என்னங்க போடுறீங்க?" என்று குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அத அப்புறம் சொல்றேன். நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

"டிபன் கடைங்க. தோசக்கல்லு முன்னாடிதான் நாள் பூரா."

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பாதியில் விட்ட பொம்மைக்கு மதியம்தான் கண் வரைந்தேன்.