எட்டு சிப்பில் ஒன்று

திருச்சி பாலக்கரையில் எங்கள் எதிர்வீட்டில் என் சிநேகிதி இருந்தாள். துபாயில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன், எண்பதுகளின் நடுவில் லீவுக்கு வந்தபோது தங்கைக்கு ஒரு ஹோம் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். ரப்பர் பட்டன்களோடு, ஒரு நோட்டுப்புத்தக அளவுதான் இருக்கும். வீட்டு டிவிதான் அதற்குத் திரை. டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் புரோகிராம் ஏறும்.

அவள் பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். கூட வந்த புத்தகத்தை வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டு, கொஞ்ச நாளில் முன்னறையில் வகுப்பே ஆரம்பித்துவிட்டாள். கண்டோன்மென்ட் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். இவள் வீடு என்றால் யோசிக்காமல் அனுப்பினார்கள். சாயங்காலமானால் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, அரியமங்கலத்தில் ஸ்டெபிலைசர் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை, அவள் ஓடிவந்தாள்.

"கொஞ்சம் வந்து பாரேன். கிளாஸ் நடக்கும்போது கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. இப்ப டிவியில எழுத்தே வரல, வெறும் கட்டம் கட்டமா கொட்டுது."

எனக்கு முன்னாலேயே ஒரு டிவி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ஃபாரின் ஐட்டம்மா, இதுக்கு இங்க பார்ட்ஸும் கிடையாது, பாக்கிறவனும் கிடையாது" என்று போயிருந்தார். அவளுடைய அம்மாவுக்கும் பயம்.

"அண்ணன் அடுத்த லீவுக்கு வந்து எடுத்துட்டுப் போகட்டும். நீங்க திறந்து, இருக்கறதையும் கெடுத்துடாதீங்க."

"அவர் வர ரெண்டு வருஷம் ஆகும்மா. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்றேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் அடாப்டரை அளந்தேன். சரியாக இருந்தது. அப்படியானால் கோளாறு உள்ளே. திருகுகளைக் கழற்றித் திறந்தால், போர்டில் ஒரு பெரிய சிப்பும், ஓரமாக ஒரே நம்பர் போட்ட எட்டு சின்ன சிப்புகளும் இருந்தன. சர்க்யூட் படம் எங்களிடம் இல்லை. நம்பரைக் குறித்துக்கொண்டு போய், கம்பெனியில் இருந்த டேட்டா புக்கில் பார்த்தேன். அவை மெமரி சிப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விதமான வோல்டேஜ் வேண்டும். மறுநாள் மீட்டரை வைத்தால் ஒன்றுதான் வந்தது. மற்ற இரண்டும் வரவேயில்லை. அந்த வழியிலேயே பின்னால் போனதில், அவற்றை உண்டாக்கும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகிக் கிடந்தது. அதே நம்பர் திருச்சியில் கிடைக்கவில்லை. குணம் ஒத்த வேறொன்றைத் தேடிப் போட்டேன். மூன்று வோல்டேஜும் வந்தன.

சந்தோஷமாக சுவிட்சைப் போட்டோம். எழுத்து வரவில்லை. கட்டங்கள் மறைந்து, திரை முழுக்க மெல்லிய செங்குத்துக் கோடுகள் நின்றன.

எனக்கு உற்சாகமே போய்விட்டது. "பெரிய சிப்பே போயிருக்கும். அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கோடுகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா இடைவெளியும் ஒரே அளவு. எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு" என்றாள். "மெமரியில எல்லாமே எட்டு எட்டாத்தான் இருக்கும். ஒவ்வொரு எட்டுலயும் அதே ஒரு இடம்தான் தப்பா வருது, மத்த ஏழும் சரியா இருக்கு. அந்த சின்ன சிப்பு எத்தனைன்னு சொன்ன?"

"எட்டு" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு இடத்துக்கு எட்டு சிப். ஆளுக்கு ஒன்று. கெட்டது ஒன்றே ஒன்றுதான்.

ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். மற்றவை லேசான சூட்டில் இருந்தன. ஒன்றில் மட்டும் விரல் நிற்கவில்லை. "இதுதான்!" என்று நான் கத்தியதில் அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

ஜவுளி வாங்க மெட்ராஸ் போன அவளுடைய மாமா, நம்பரைக் காட்டி புது சிப் வாங்கி வந்தார். பழையதைச் சூடாக்கிப் பிடுங்கினால் போர்டு கெடும். அதனால் அதன் கம்பிக் கால்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டைப் பற்றவைத்து, அதில் புதியதைச் செருகினேன். அவள் மூச்சுவிடாமல் டார்ச் பிடித்திருந்தாள்.

சுவிட்சைப் போட்டதும் திரை ஒரு கணம் இருண்டது. பிறகு பளிச்சென்று வெள்ளையாகி, அடியில், போட்டதும் எப்போதும் வரும், தயாரித்த கம்பெனியின் பெயர் போட்ட அந்த ஒற்றை வரி வந்தது. அவள் எங்கள் இரண்டு பேர் பெயரையும் திரை நிறைய ஓடவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவளுடைய அம்மா என் தலையைத் தடவினார். அன்று சாயங்காலமே வாசலில் செருப்புகள் குவிந்தன.

அடுத்த லீவுக்கு வந்த அண்ணனின் பெட்டியில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. ரூமில் கூட இருப்பவருடையதாம், ஓடவில்லையாம்.

"எங்க ஊர்ல ரெண்டு பேர் இருக்காங்க, சரிபண்ணிடுவாங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். நான் மீட்டரை எடுக்கப் போவதற்குள் அவள் திருகைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.