பேச்சுக்குக் கூலி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு முற்பகல். வெள்ளைக் கைலியும் முழுக்கைச் சட்டையும் அணிந்த ஒருவர் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலேயே உரக்க விசாரித்தார்: "இஞ்சினியர் வூடு இதானே? யோசனை சொல்லக் காசு வாங்குறவரு?" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் செய்தித்தாளைச் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். திருமலைராயன்பட்டினத்து ஐஸ் கம்பெனி பாய் என் வாழ்வில் நுழைந்தது இப்படித்தான்.

காரைக்காலை அடுத்த தனியார் ஆலை ஒன்றில் குளிரூட்டும் பிரிவின் தலைமைப் பொறியாளனாக இருந்தவன் நான். பதவி உயர உயர, இயந்திரங்கள் என்னைவிட்டு விலகின. இறுதி ஆண்டுகளில் என் கையொப்பம் மட்டுமே வேலை பார்த்தது, நான் பார்க்கவில்லை. அதனால்தான் பணியிலிருந்து விலகி, தனித்து இயங்கும் ஆலோசகனாவதென்று முடிவு செய்தேன். பொது மேலாளர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "வைகாசி முடியும்வரை உங்கள் நாற்காலி காலியாகவே இருக்கும். மனம் மாறினால் வந்துவிடுங்கள்" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னைத் தைத்தது. எனக்குக் கீழே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தலைகுனிந்து அந்த நாற்காலிக்குத் திரும்புவதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேறில்லை. ஆனால் மாதங்கள் கடந்தும் எவரும் வரவில்லை. தேடிப்போய் வேலை கேட்பதும் என் இயல்பன்று. "ஊருல எல்லாரும் சும்மாதாங்க யோசனை சொல்றாங்க. நீங்க மட்டும் காசு கேட்டா யாருங்க வருவா?" என்று என் மனைவி கேட்டாள். பொறியியற் கல்லூரியில் இக்கேள்விக்கு விடை கற்பிக்கப்படவில்லை.

பாயின் கவலை வேறு. அவருடைய ஐஸ் ஆலையில் கட்டி சரியாக உறையவில்லை. கம்ப்ரஸரின் ஆயுள் முடிந்தது, புதிது வாங்குவதே வழி என்று விற்பனையாளர் சொல்லிவிட்டார். தென்னந்தோப்பை விற்கப் பாய் ஆள் பார்த்திருந்தார். நான் ஆலையைச் சோதித்தேன். கம்ப்ரஸரில் குறையில்லை. அதன் சூட்டைத் தணிக்கும் குழாய்களின்மீது, கரையோரக் கிணற்றின் உப்புநீர் கல்லாகப் படிந்திருந்தது; சூடு வெளியேற வழியில்லை. சிலவற்றைச் சுரண்டி, சிலவற்றை மாற்றி, குழாய்களின்மீது விடுவதற்குத் திருநள்ளாற்றுப் பக்கமிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தால் போதுமென்றேன்.

"அப்ப தோப்ப விக்க வேணாங்குறீங்க?"

"வேண்டாம்."

"தப்பாப் போச்சுன்னா?"

"என் பெயர் கெட்டுவிடும், பாய்."

அவர் குலுங்கிச் சிரித்தார். "உங்க பேரு கெட்டா எனக்கு ஐஸ் கெடைக்குமா சார்?" பிறகு அவரே சொன்னார்: "சரி வுடுங்க. தண்ணியக் கட்டியாக்கி நான் காசு வாங்குறேன், பேச்ச வேலையாக்கி நீங்க வாங்குறீங்க. ரெண்டும் ஒரே யாவாரந்தான். ஆரம்பிங்க, அல்லா இருக்கான்."

அந்த வாரங்களைப் போல் நான் மகிழ்ந்திருந்த காலம் குறைவு. சட்டையை உள்ளே விட்டு, காலணிக்கு மெருகேற்றிச் செல்வேன். "மாப்புள மாதிரி வந்து நின்னா மெஷினு வெக்கப்படாதா சார்?" என்பார் பாய். மறுநாளும் அப்படியே செல்வேன். மாலையில் துரு அப்பிய கைகளோடு திரும்புவேன். என் கைகளுக்கு இன்னும் வேலை தெரிந்திருக்கிறது என்ற கண்டுபிடிப்பு, எந்தப் பதவி உயர்விலும் நான் காணாத இன்பம். இன்று ஆலோசகர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அச்சொல்லைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. ஆனால், பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஐஸ் வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு பாய் அவர்களுக்கு வாய்ப்பாரா என்பது ஐயமே.

தடைக்காலம் முடிந்த விடியலில், கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் வாங்க ஆலை வாசலில் வண்டிகள் நின்றன. கட்டி உறையாவிட்டால் அவை ஐஸ் தேடி நாகப்பட்டினத்துக்குப் போய்விடும். என் தோல்வியும் அவற்றோடு கரை முழுதும் போய்ச் சேரும். முதல் அச்சுப்பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பாய் கொக்கியால் ஓங்கித் தட்டினார். ஒரு கீறல்கூட விழவில்லை. அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அதுவரை பொது இடத்தில் எவரும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை.

கோட்டுச்சேரிமேட்டுப் படகுக்காரர் ஒருவர் கேட்டார்: "யாரு பாய் இவரு? மெக்கானிக்கா?"

"மெக்கானிக்குக்கே யோசனை சொல்றவரு. ஆனா பேசுனா காசு கேப்பாரு, பாத்துக்க."

"கேக்கட்டும். சும்மா பேசுறவங்கதான் எங்கூர்ல ரொம்பப் பேரு இருக்காங்களே! அவங்க பேச்சக் கேட்டுத்தான் எங்க ஐஸ் ரூமு ஒழுவுது. ஏறுங்க சார், இப்பவே போவோம்."

நான் சிரித்தேன். எனக்கே அந்த ஒலி புதிதாக இருந்தது. பிறகு கைப்பேசியில் பொது மேலாளரை அழைத்தேன். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அவர் காதில் ஒன்றும் விழவில்லை. "நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்!" என்று, வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கேட்டதா என்று உறுதி செய்துகொள்ள, இன்னொரு முறையும் கத்தினேன்.