களத்தில் காய வைத்த மாமனார்

எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. தண்ணீரில் கரைத்த வண்ணம் காற்றிலேயே உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். வெள்ளை ஓரளவு பரவாயில்லை. கறுப்புதான் மோசம். ஓவியம் படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பெருமாட்டி கிராமத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் நான் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லையோரச் சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியன்; ஊர்க்காரர்கள் வாயில் 'மாஷ்'. பெருமாட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண்ணுக்குச் சம்மதம், அவள் அம்மாவுக்கும் சம்மதம். அப்பாவுக்குத்தான் ஒரு சந்தேகம்.

"படம் போடறதெல்லாம் ஒரு வேலைங்களா?" என்று என்னிடமே கேட்டார். "எம் மூஞ்சியப் போடுங்க, பாப்போம். ஒரு காலை நேரம் உக்காருவேன். பால் கறந்ததுக்கப்புறம், வாய்க்கால்ல எங்க தண்ணி முறை வர்ற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிசம் உக்கார மாட்டேன்."

ஒரே காலையில் ஒரு முகம். அதற்கு ஒரே வழி அல்லா ப்ரிமாதான். இத்தாலியச் சொல், முதல் வீச்சிலேயே என்று பொருள் கொள்ளலாம். ஒரு பூச்சு காயக் காத்திருந்து அதன்மேல் அடுத்த பூச்சு என்று அடுக்காமல், ஈரத்தின் மேலேயே ஈரத்தை வைத்து ஒரே அமர்வில் முடிக்கும் முறை. வைத்த தீற்றலை மறுபடி தடவக் கூடாது. தடவினால் சேறாகிவிடும்.

கோயம்புத்தூர் நூலகம் ஒன்றில் இதைப் பற்றிப் படித்திருந்தேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய டச்சுக்காரர் ஒருவர், குடித்துச் சிரிப்பவர்களின் முகத்தைச் சிரிப்பு அடங்குவதற்குள் பிடித்துவிடுவாராம். பிரெஞ்சுக்காரர் ஒருவர் வைக்கோல் போரின் எதிரே நின்று, வெயில் நகர நகர, வரையும் படத்துணியை மாற்றிக்கொண்டே இருப்பாராம். பணக்காரப் பெண்களை வரைந்த ஓர் அமெரிக்கர் முகம் சரியாக வராவிட்டால் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்; பத்துத் தடவை சுரண்டினாலும் கடைசியில் ஒரே மூச்சில் வரைந்தது போலவே இருக்கும். இவர்களில் யாருக்கும் எதிரே மாமனார் உட்கார்ந்திருக்கவில்லை.

என்னிடம் ஏழு தூரிகைகள், ஒன்பது வண்ணக் குழாய்கள், ஒரு கத்தி. அவருக்குப் பின்னால் பதினான்கு தென்னைகள். அவரோ நாற்பத்து மூன்று தடவை தலையைத் திருப்பினார்.

"மாஷே, மூக்கு முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"மூக்குக்கே இத்தன நேரம்னா மீசைக்கு என்னங்க பண்ணுவீங்க? எம் மீசை பெருசு."

பெரியதுதான். கறுப்புக் குழாயில் பாதி அதற்கே போயிற்று. தண்ணீர் வந்துவிட்டது என்று வாய்க்கால் பக்கமிருந்து சத்தம் கேட்டபோது கடைசித் தீற்றலை வைத்தேன். அவர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்வெட்டியோடு ஓடினார்.

"ஈரமா இருக்குதுங்க. யாரும் தொட்டுராதீங்க, காயோணும்" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் எது காய வேண்டுமானாலும் களத்துக்குத்தான் போகும். பெண் படத்தைக் களத்துக்கு எடுத்துப் போய், கொப்பரைகளுக்கு நடுவே நல்ல வெயிலில் முகம் மேலே பார்க்கும்படி படுக்க வைத்திருக்கிறாள். காக்கை வராமலிருக்கப் பக்கத்தில் ஒரு குச்சியில் கறுப்புத் துணியும் கட்டியிருக்கிறாள். கோழியை வீட்டு ஆளாக நினைத்துவிட்டாள்.

இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது அவள் கூப்பாடு கேட்டது. எச்சில் கையோடு ஓடினேன். கோழி தாடையில் ஏறி, கன்னம் வழியாக நடந்து, கண்ணோரத்தில் சற்று நின்று யோசித்துவிட்டு இறங்கிப் போயிருந்தது. மொத்தம் ஏழு தடங்கள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து கத்தியை எடுத்தேன். கன்னத்திலும் தாடையிலும் இருந்த ஐந்தையும் சுரண்டி, ஈரத்தின் மேல் ஈரம் வைத்து மூடினேன். கண்ணோரத்தில் இரண்டு பாக்கி. அப்போது முழங்கால் வரை சேற்றோடு அவர் வந்து நின்றார்.

"ஏனுங்க, கத்தியோட எம் மூஞ்சிகிட்ட என்ன பண்றீங்க?"

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். அவர் மனைவி குனிந்து பார்த்தார்.

"அந்தக் கண்ணோரத்தப் பாருங்க. நீங்க சிரிக்கறாப்பலயே இருக்குது."

"நான் எப்ப சிரிச்சேன்?"

"இவ பொறந்தப்ப ஒருக்காச் சிரிச்சீங்க. எனக்கு நெனப்பு இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். "இது நீங்க போட்டதுங்களா?"

"இல்லீங்க. கோழி போட்டதுங்க. மத்ததெல்லாம் நான்."

"எந்தக் கோழி?"

"செவலைங்கப்பா" என்றாள் பெண்.

அவர் சிரித்துவிட்டார். கண்ணோரத்தில் அதே கோடுகள் விழுந்தன. நானும் பெண்ணும் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். கத்தியைக் கீழே வைத்தேன்.

"இது காய எத்தன நாளாகுமுங்க?" என்றார்.

"மீசை காய நாலஞ்சு மாசங்கூட ஆகுமுங்க."

"அத்தன நாளும் கோழி வெரட்ட எங்கிட்ட ஆளில்லீங்க. தை மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாம். அப்புறம் நீங்களே வந்து உக்காந்து வெரட்டிக்கங்க மாப்பிள்ளை."

தையில் கல்யாணம் நடந்தது. படத்தைப் பந்தல் காலில் மாட்டியிருந்தார்கள். எங்கள் மேல் வீசிய அட்சதையில் குறி தவறியதெல்லாம் காயாத மீசையில் போய் ஒட்டிக்கொண்டது, பதினொரு அரிசி. எடுக்கப் போனேன். "அது ஆசீர்வாதமுங்க, புடுங்காதீங்க" என்று மாமனார் தடுத்துவிட்டார்.

படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. போன வாரம் மீசையில் இருந்த அரிசியை எண்ணினேன். பத்துதான் இருக்கிறது. வீட்டில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள்.