ஊசி ஓட்டை இல்லாத வட்டம்

பொறியியல் முதலாண்டில் என் அறைத்தோழிக்கு விடுதியே சேர்ந்து வைத்த பெயர் 'குறுக்குவெட்டு'. எதைக் கண்டாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் அவளுக்கு. குளியலறைக் குழாயையே கழற்றிப் போட்டவள். வார்டன் சத்தம் போட்டபோது, "சொட்டிக்கிட்டே இருந்துச்சு மேடம், நிறுத்திக் குடுத்தேன்" என்றாள். உண்மையிலேயே நிறுத்தியும் இருந்தாள். வார்டனுக்கு அதில்தான் இன்னும் எரிச்சல்.

மதிப்பெண் பற்றாமல் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தவள். ஆசை முழுக்க மெக்கானிக்கல் மேல். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, சின்ன வயதிலேயே அங்கே கூட்டிப்போய் அவளைக் கெடுத்து வைத்திருந்தார். முதலாண்டு முடிவில் துறை மாறலாம். ஆனால் ஒரு பயிற்சியில்கூடப் பூஜ்யம் வாங்கியிருக்கக் கூடாது. அதற்காகவே விழுந்து விழுந்து படித்தாள்.

எனக்கோ வரைபட வகுப்பு என்றாலே வேப்பங்காய். அவள் ஒரு தாளுக்கு இரண்டு நாள் எடுப்பாள். வட்டத்தின் மையத்தில் டேப்பை இரண்டாக மடித்து ஒட்டி, அதன்மேல்தான் காம்பஸ் ஊசியை ஊன்றுவாள். முடிந்ததும் நகத்தால் நோகாமல் உரிப்பாள். தாளில் ஒரு ஓட்டை இருக்காது.

"பேப்பர் என்னடி பாவம் பண்ணுச்சு?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாளைக் கேட்டேன். "பாத்துப் புரிஞ்சுக்க, அப்படியே எடுத்து வைக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவள் துணி துவைக்கப் போனதும், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கண்ணாடிப் பலகையை வைத்து, அடியில் விளக்கைப் போட்டு, அவள் தாள்மேல் என் தாளை விரித்துக் கோட்டுக்குக் கோடு எடுத்துவிட்டேன். வட்டங்களை மட்டும் காம்பஸால் போட்டேன். அவள் ஒரு புள்ளிக்கோட்டை மறந்திருந்தாள். நானும் மறந்தேன்.

வரைபட ஆசிரியர் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு எங்களை எழுப்பினார்.

"ரெண்டுலயும் ஒரே கோடு காணோம். இதுல யாரு காப்பி?"

தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் தாளில் வட்டத்துக்கு ஒரு ஓட்டை மின்னியது. அவள் தாளில் ஒன்றுமில்லை.

"ஊசி படாம வட்டம் எப்படிம்மா வந்துச்சு? டப்பா மூடியை வச்சு இழுத்தியா?"

"இல்ல சார், டேப் ஒட்டி..."

"டேப்பாவது கீப்பாவது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தேள் கொட்டின திருடனாய் நின்றேன். 'நான்தான் சார்' என்று இரண்டு வார்த்தை. அந்தப் பூஜ்யத்தை நான் வாங்கியிருந்தால் என் குடி ஒன்றும் முழுகியிருக்காது. நான் எந்தத் துறைக்கும் மாறப் போவதில்லை. இருந்தும் வாய் வரவில்லை. அவளுக்குப் பூஜ்யம், எனக்கு இருபதுக்குப் பதினாறு.

"நாளைக்கு சார்கிட்ட சொல்லிடறேன்டி" என்றேன் அறையில்.

"சரி" என்றாள்.

நாளைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன். துறை மாற விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று வராந்தாவில் நின்று போன் பேசினாள். "மாறலப்பா. இதுவே பழகிடுச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னிடம்தான் இருக்கிறது.

பூஜ்யம் வாங்கிய அந்த வாரமே, அடுத்த தாளுக்கு அவள் டேப்பை எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஊசியை அழுத்தி, பலகைவரை இறங்கும்படி ஓட்டை போட்டாள்.