கழற்ற முடியாத தோட்டா வார்

பாவாடைப் பட்டியின் உட்புறம் சிவப்பு நூலால் ஒரு பெயரைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் ஒத்தீலியா காப்பியைக் கையில் எடுப்பாள். அதற்குள் அது ஆறிப் போயிருக்கும். கழுத்து நாடாவில் கத்தரிக்கோல் தொங்கும்போது பல் எதற்கு என்று கேட்டால், "கத்தரி ஊருக்கு, பல்லு எனக்கு" என்பாள். சகாதேகாஸ் ஊர்ச் சந்தையில் இறைச்சிக் கடைக்காரர் முதல் பூக்காரி வரை அந்தக் கத்தரியை இரவல் வாங்காதவர் கிடையாது.

நவம்பர் இருபது, புரட்சி நாள் அணிவகுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடை தைப்பவள் அவள். பையன்களுக்கு மை மீசை, தோட்டா வார், மரத் துப்பாக்கி. பெண்களுக்குப் பூப்போட்ட நீளப் பாவாடை, சோள ரொட்டிக் கூடை. வருஷா வருஷம் இதே கூத்து.

கூடையைக் கண்டாலே ஒத்தீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தாத்தாவின் அக்கா கசிமிரா அந்தப் புரட்சியில் கேப்டன். அறுபது ஆண்கள் அவள் சொல் கேட்டுச் சுட்டார்கள். சண்டை முடிந்து ஓய்வூதியம் கேட்கப் போனவளுக்கு, அலுவலகத்தில் 'சமையல்காரி' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். தோளில் குண்டுத் தழும்போடு எதிரே நின்றவளைப் பார்த்து இப்படி எழுத அந்த ஆளுக்குக் கை கூசவில்லை.

"நம்ம பாட்டுலயும் கதையிலயும் பொம்பளைன்னா ஒண்ணு அழுவா, இல்ல காட்டிக் குடுப்பா. ஒருத்தியாவது சுட மாட்டாளா?" என்று தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பொரிவாள். பட்டிக்குள் அவள் தைக்கும் பெயர்கள் எல்லாம் அந்தப் புரட்சியில் சுட்ட பெண்களுடையவை.

அவளுக்கும் அழுகை அவ்வளவாக வராது. புருஷன் முதல் தடவை கை நீட்டிய அன்றே அவனுடைய கால்சட்டைகள் அத்தனையின் கால் நுனியையும் தைத்து மூடி வாசலில் வைத்துவிட்டாள். "நடந்து போறியோ, குதிச்சுப் போறியோ, போய்ச் சேரு!"

இந்த வருஷம் தலைமையாசிரியர் எலியோதோரோ தானே கடைக்கு வந்தார். "பொண்ணுங்களுக்குப் பாவாடையும் சட்டையும் போதும்மா. கூடையோட பின்னால வரட்டும். பாக்க லட்சணமா இருக்கணும்ல?"

"ஆகட்டும் சார்" என்று தலையாட்டினாள். ஒத்தீலியா மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் உஷாராக வேண்டும் என்பது சந்தையில் நாய்க்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

அணிவகுப்பு அன்று, பேண்டு வாத்தியம் சுருதி சேர்க்கும் நேரத்தில்தான் ஒத்தீலியா உடை மூட்டையோடு வந்து சேர்ந்தாள். அவசர அவசரமாக உடுத்திக்கொண்டு வந்த பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தியின் மார்பின் குறுக்கேயும் தோட்டா வார்.

"என்னம்மா அக்கிரமம் இது? கழட்டச் சொல்லுங்க!" என்று பாய்ந்து வந்தார் தலைமையாசிரியர்.

"கழட்ட வராது சார். சட்டையோட சேத்து ரெட்டை நூல்ல தச்சது."

மூன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி பாவாடைப் பட்டியைப் புரட்டிப் படித்துவிட்டுக் கத்தினாள். "ஏய், நான் கேப்டன் கசிமிராடி!" கையிலிருந்த கூடையைச் சுவரோரம் வைத்தாள். மற்றவர்களும் தங்கள் பட்டிகளைப் புரட்டத் தொடங்கினார்கள். சுவரோரம் கூடைகள் சேர்ந்தன.

எலியோதோரோவின் முகம் தக்காளியாகச் சிவந்தது. "பாட்டு ஆரம்பிக்கப் போகுது. அந்தக் கத்தரிய இப்படிக் குடுங்க, நானே வெட்டிக்கிறேன்" என்று கையை நீட்டினார்.

ஊருக்கே இரவல் கொடுப்பவள் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றினாள். கத்தரியைத் தன் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியின் பைக்குள் போட்டாள். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவி, பையின் வாயை நிதானமாகத் தைத்து மூடி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.