வலது பக்கத்துக் கறுப்பு

படத்தில் இடுப்பின் வலது பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கறுப்பு. தாம்பரத்தில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக நான் மூன்று வருடம் வேலை பார்த்திருந்த சமயம் அது. உடம்பில் துளி உலோகம் இருந்தாலும் அதைச் சுற்றிப் படம் இப்படிக் கறுத்துவிடும். கோளாறு மெஷினில் இல்லை, சரியாகச் சோதிக்காத என்னிடம்தான் என்று உடனே புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மெஷினுக்குள் படுத்திருந்தவர் எங்கள் ஹவுஸ் ஓனர் அக்கா.

முடிச்சூரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். வயலை மனை போட்டு விற்ற குடும்பம். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "இன்னாம்மா, மோட்டார் ஓடிகினே கீது, ஊருக்கே தண்ணி ஊத்துறியா?" என்று கீழிருந்து குரல் வந்தால் நான் சாப்பிட்ட கையோடு ஓடுவேன். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மாடியேறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று சொன்னார். சதை எடுத்துச் சோதித்தாகிவிட்டதாம். நோய் கர்ப்பப்பை வாயோடு நின்றிருந்தால் ஆபரேஷன். பக்கவாட்டுத் திசுவுக்குப் பரவியிருந்தால் கதிர்வீச்சுதான். எது என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். "அறுத்து எடுத்துட்டாங்கன்னா நிம்மதியா தூங்குவேன். நீயே ஸ்கேன் எடும்மா, வேற யார் முன்னாடியும் எனக்குக் கூச்சமா கீது" என்றார்.

கூச்சம் எனக்கும் இருந்தது, அதுதான் வினை. உடை மாற்றி வருகிறவர்களை உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். நம் பெண்கள் தாலியைக் கழற்றினாலும் அதில் கோத்திருந்த ஊக்கை உடையில் எங்கேயாவது குத்திக்கொண்டு மறந்திருப்பார்கள். அக்கா தாலி, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார். "வேற ஒண்ணும் இல்லையேக்கா?" என்றேன். "இல்லம்மா." மாதாமாதம் வாடகை கொடுக்கும் கையால் அவர் இடுப்பைத் தடவிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கேனை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். "இடுப்புல ஏதாச்சும் கட்டியிருக்கீங்களாக்கா?" அவர் உடையை ஒதுக்கி வலது இடுப்பைக் காட்டினார். பிறகு, "மாமாகிட்ட சொல்லிடாத" என்றார். மாமா என்றது அவர் கணவரை. கறுப்புக் கயிற்றில் சுண்டுவிரல் நுனி அளவு தாயத்து, என்ன உலோகமோ. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டபோது யாரிடமும் சொல்லாமல், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்க் கட்டிக்கொண்டு வந்தாராம். ஆறு மாதம் அதை நம்பியிருக்கிறார். டாக்டரிடம் போன பிறகும் அவிழ்க்கப் பயம்.

குளித்துக் குளித்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோலை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, மெஷினின் காந்தம் இழுத்துவிடும். உடை மாற்றும் அறைக்கு அழைத்து வந்தேன். "நான் வெட்ட மாட்டேன், நீயே வெட்டிடு" என்று கண்ணை மூடிக்கொண்டார். வெட்டினேன்.

மறுபடி எடுத்த படத்தில் கறுப்பு போய்விட்டது. கர்ப்பப்பை வாயைச் சுற்றி இயல்பாக ஒரு கருவளையம் தெரியும். அது முழுதாக இருந்தால் நோய் வெளியே வரவில்லை என்று அர்த்தம். முழுதாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இடது பக்கம் சரியாக இருந்தது. வலது பக்கம் வளையம் விட்டுப்போயிருந்தது. படம் நன்றாக வந்ததா என்று அக்கா கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன், அது உண்மைதான்.

கதிர்வீச்சும் மருந்துமாகப் பல வாரம் அலைந்தார். இப்போது நான்கு வருடம் ஆகிறது, நன்றாகவே இருக்கிறார். நான் சேலையூருக்குக் குடிமாறிவிட்டேன். இருந்தாலும் ஸ்கேன் என்றால் என்னைத்தான் கேட்பார். போன தடவை மேஜையில் படுத்தபடி, "ஏம்மா, அந்த ஆறு மாசம் சும்மா இருக்காம வந்திருந்தா நோய் அந்தப் பக்கம் போயிருக்காதில்ல?" என்றார்.

"டாக்டரைத்தான் கேக்கணும்க்கா."

"கேட்டுட்டேன். அப்பவே வந்திருந்தா ஆபரேஷனோட போயிருக்கலாம்னாரு. மாமாகிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று அவருடைய ஸ்கேன் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.