நேர்கோடாகிப் போன என் இதயம்

செஞ்சி வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை எனது இடது கால் சாக்ஸில் ஓட்டை விழுந்துவிட்டது.

விரல் எட்டிப் பார்த்ததும் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. பழைய நாள் என்றால்... போன வருஷம்தான். பதினெட்டு வயதுக்காரனிடம் அவ்வளவுதான் ஸ்டாக்.

பாலிடெக்னிக் லேப். பற்றவைத்த ஈயத்தின் புகை மூக்கில் காரமாக ஏறும். நானும் பெஞ்ச் பார்ட்னர் கலைவாணியும் இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் சர்க்யூட் செய்திருந்தோம். கைக்கு ஒரு ஒயர், ஒயருக்கு ஒரு டிரான்சிஸ்டர். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது பெரிதாக்கும். மூன்றாவது ஒயர் காலுக்கு.

"யார் மேல டெஸ்ட் பண்றது?" என்றாள்.

"நான் இருக்கச்சொல்ல கவலை இன்னாத்துக்கு?" என்று சட்டைக் கையை மடித்தேன்.

கால் ஒயருக்கு ஷூவைக் கழற்ற வேண்டும். அன்றும் சாக்ஸில் ஓட்டை. அவள் எதிரிலா... ஒயரை பேண்டுக்குள் சொருகிவிட்டு "ரெடி" என்றேன்.

திரையில் நேர்கோடு. அசையவே இல்லை. வாழ்க்கையில் நான் நேராக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

"டேய், உனக்குத் துடிக்கவே இல்லடா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின மாசம்தான் மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்... எழுந்திருக்கவில்லை. "உங்க வம்சத்துக்கே நெஞ்சு வீக்கு" என்று துக்கத்துக்கு வந்தவர் ஒருவர் சொன்னது காதிலேயே இருந்தது.

நெற்றியைத் துடைத்தேன், கையெல்லாம் ஈரம். செத்தவனுக்கு வியர்க்குமா என்றெல்லாம் யோசித்தேன்.

கலைவாணி மீட்டரை வைத்துப் பார்த்தாள். "ரெண்டு கை வோல்டேஜும் ஒண்ணா கீழ இறங்கிக் கிடக்குது. இவ்ளோ கீழ போனா ரெண்டு டிரான்சிஸ்டரும் ஆஃப் ஆயிடும்டா. கால் ஒயர் மாட்டினியா இல்லியா?"

"மா... மாட்டிட்டேன்."

பேண்ட் நுனியை மேலே தூக்கினாள். ஒயர் தொங்கியது. ஷூ, சாக்ஸ், மானம் எல்லாம் கழன்றன. ஒயரை ஒட்டியதும் கோடு துள்ளியது.

"இன்னாடா, ரேஸ் ஓடுது?"

இப்போது ஜூனியர்களுக்கு இதைச் சொல்லித்தருவது நான்தான். இரண்டு கை வோல்டேஜும் சேர்ந்து ஏறலாம், இறங்கலாம். கால் ஒயர் அதை எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கும்வரை சர்க்யூட் கண்டுகொள்ளாது. தாண்டினால் கை விரித்துவிடும். "கோடு நேரானதும் சிரிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றும் அள்ளிவிடுவேன்.

சிரிக்கவில்லை. "நைனாவுக்கு போன் போடு" என்று கலைவாணி கையைப் பிடித்து அழுதேன்.

அன்று பயப்பட ஒரு திரை தேவைப்பட்டது. இப்போது அதுவும் வேண்டாம். ராஜகிரிக் கோட்டையில் பாதி ஏறியதும் "வியூ நல்லா இருக்குது" என்று உட்கார்ந்துவிடுகிறேனே... வியூ பார்க்கவில்லை நண்பர்களே. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறேன்.